காக்கா எச்சத்துக்கு ஒரு பெயர்

“தொடாதேடா, காக்கா எச்சம்.”

அம்மா சொன்னது சரி என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். மே மாதம், மழை விட்டிருந்த காலை. இங்கிலாந்தின் தென்பகுதியில் நான் குடியிருக்கும் ஊரை ஒட்டி ஒரு சிறிய காடு இருக்கிறது. ஆறு மாத விசாவில் மன்னார்குடியிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு வீட்டுக்குள் அடைந்து கிடப்பது ஒத்துவரவில்லை. அதனால் தினமும் அந்தக் காட்டுக்கு ஒரு நடை. பாதையோரம் ஒரு ஆஷ் மரம் விழுந்து கிடந்தது. பட்டை முழுக்கக் கறுப்பு உருண்டைகள் முளைத்திருந்தன. அதில் ஒன்றின் மேல் வெள்ளையும் பழுப்புமாக ஒரு திட்டு. குனிந்து பார்த்தேன். எச்சம் ஒரு காலை உள்ளே இழுத்துக்கொண்டது.

கைபேசியை எடுத்து மூன்று படம் எடுத்தேன். நான்காவதுக்கு நெருங்கியபோது அது ஆறு காலையும் மடக்கிக்கொண்டு உருண்டையிலிருந்து பொத்தென்று விழுந்தது. சருகுக்குள் தேடி எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். செத்த பாவனை. ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக நீளம், தடித்த உடம்பு. உற்றுப் பார்த்தால் அது வெறும் வெள்ளைத் திட்டு இல்லை. கறுப்பு, பழுப்பு, சாம்பல் என்று மயிர் போன்ற நுண்செதில்கள் பாசி படர்ந்ததுபோல ஒட்டியிருந்தன. பின்பக்கம் வெளுத்த பட்டை. முகம் மட்டும் தனி வெள்ளை, கோலமாவில் மூக்கைத் தோய்த்து எடுத்த மாதிரி. கொஞ்ச நேரம் கழித்து ஒவ்வொரு காலாக நீட்டி, என் கட்டைவிரல் மேல் ஏறி, கட்டையின் அடிப்பக்கம் போய் மறைந்தது.

வண்டை நாங்கள் பார்த்தது மொத்தம் ஐந்து நிமிடம்கூட இருக்காது. அந்த ஐந்து நிமிடம் ஒரு பதிவாகி, போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

பிரிட்டனில் ஒரு வழக்கம் உண்டு. தும்பி, பாசி, நத்தை, வண்டு என எதைப் பார்த்தாலும் எழுதி அனுப்புவார்கள். ஊதியம் பெறும் விஞ்ஞானிகளைவிட இதைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற வாத்தியார், செவிலியர், தபால்காரர். நூற்றைம்பது வருஷத்துக்கு மேலான பழக்கம் இது. 1852இல் ஹெவெட் காட்ரல் வாட்சன் என்ற தாவரவியலர், செடிகளின் கணக்குக்காக நாட்டைத் தானே 112 வட்டாரங்களாகப் பிரித்துவைத்தார். அந்தப் பிரிவு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஒரு பதிவுக்கு வேண்டியது நான்கே நான்கு: என்ன, எங்கே, எப்போது, யார். நாலில் ஒன்று விட்டுப்போனாலும் அது பதிவு ஆகாது, செய்தியோடு நின்றுவிடும்.

நான் அனுப்பிய முதல் பதிவில் நாலில் இரண்டு தப்பு. ஐரெக்கார்டு என்ற பதிவுத் தளத்தில் படத்தை ஏற்றியது வீட்டுக்கு வந்த பிறகு. வரைபடத்தில் குத்தவேண்டிய புள்ளியைச் சரியாக நகர்த்தவில்லை. ஆகவே அந்த வண்டு எங்கள் வரவேற்பறையில் வசிப்பதாகப் பதிவாயிற்று. பெயரும் தப்பு. இணையத்தில் வெள்ளை மூக்கு வண்டுகளைத் தேடி, படத்தோடு படத்தை ஒப்பிட்டு, ‘பிளாட்டிஸ்டோமஸ் ஆல்பினஸ்’ என்று போட்டிருந்தேன். அதுவும் வெள்ளை முகம், அதற்கும் பின்பக்கம் வெள்ளை. எனக்கு அது போதுமானதாகத் தோன்றியது.

அம்மாவுக்குப் போதவில்லை. படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள்.

“கூன்வண்டுன்னு சொல்றே. மூக்கே சப்பையா இருக்கே?”

“இதுவும் ஒரு வகைம்மா.”

“அரிசி வண்டைப் பாத்திருக்கியா நீ? தும்பிக்கை மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும். இது என்னமோ பன்றி மூஞ்சி.”

அம்மா சொன்னதை அப்போது நான் காதில் வாங்கவில்லை. பத்து நாள் கழித்து, சரிபார்ப்பவரிடமிருந்து வந்த கடிதத்தைப் படித்தபோதுதான் உறைத்தது. கூன்வண்டுகளுக்கும் பட்டை வண்டுகளுக்கும் அங்கே தனியாக ஒரு பதிவுத் திட்டம் இருக்கிறது. யார் எங்கிருந்து எதை அனுப்பினாலும் அதை ஒருவர் கண்ணால் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் அது கணக்கில் ஏறும். அவர் மூன்று கேள்வி கேட்டிருந்தார், மிகவும் மரியாதையாக. உணர்கொம்பின் நீளம் எவ்வளவு? அது நடுவில் முழங்கை மாதிரி மடங்கியிருந்ததா, நேராக இருந்ததா? வண்டு எதன் மேல் உட்கார்ந்திருந்தது? கடைசியில் ஒரு வரி: இது உங்கள் வீட்டுக்குள் கிடைத்தது என்றால் விறகு ஏதும் வாங்கி வைத்திருக்கிறீர்களா?

அரிசியில் வரும் வண்டுக்கு மூக்கு நீண்டு வளைந்திருக்கும். வாய் அந்த மூக்கின் நுனியில் இருக்கிறது. உணர்கொம்பு மூக்கின் பக்கவாட்டிலிருந்து கிளம்பி, நம் முழங்கைபோல ஓரிடத்தில் மடங்கும். பெண் வண்டு அந்த மூக்கால் அரிசிமணியில் துளையிட்டு முட்டையை வைத்து, துளையை அடைத்துவிடும். இதுதான் அசல் கூன்வண்டு. நான் பார்த்ததற்கு மூக்கு அகலம், குட்டை, தட்டை. உணர்கொம்பு நேர்கோடு, மடிப்பே கிடையாது. இது கூன்வண்டுகளின் ஒன்றுவிட்ட உறவு. ‘ஆன்த்ரிபிடே’ என்ற தனிக் குடும்பம், காளான் தின்கிற கூட்டம். பெரிய சொந்தத்தில் கூன்வண்டு என்றே இவற்றையும் சொல்லிக்கொள்கிறார்கள். ஆனால் பந்தியில் வேறு வரிசை. அம்மா கைலென்ஸ் இல்லாமல் பிரித்துக் காட்டியது குடும்பத்தையே.

உணர்கொம்பின் நீளம் எதற்கு என்றால், நான் தப்பாகச் சொன்ன ஆல்பினஸின் ஆணுக்கு அது உடம்பளவு நீளும். படத்தை மறுபடி பார்த்தேன். என் வண்டின் உணர்கொம்பு குட்டை. மூன்றாவது கேள்விக்கு விடை படத்திலேயே பாதி இருந்தது: கறுப்பு உருண்டை. அதைப் பார்த்ததும் அவருக்குப் பெயர் தெரிந்துபோயிருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். தெரிந்தும் அவர் கேட்டது, நானே சொல்லட்டும் என்பதற்காக. நல்ல வாத்தியார்கள் அப்படித்தான்.

பெயர்: பிளாட்டிரைனஸ் ரெசினோசஸ்.

முதல் பாதிக்கு கிரேக்கத்தில் ‘அகல மூக்கு’ என்று பொருள். அம்மாவின் பன்றி மூஞ்சியை 1798இல் கிளார்வில் என்பவர் கிரேக்கத்தில் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். இரண்டாம் பாதி இன்னும் பழசு. லத்தீனில் ‘பிசின் நிறைந்தது’. அந்தச் சொல்லை வைத்தவர் ஒரு சுரங்க வைத்தியர்.

ஜொவான்னி அன்டோனியோ ஸ்கோப்போலி, இன்றைய ஸ்லோவேனியாவில் உள்ள இட்ரியாவுக்கு 1754இல் வேலைக்குப் போனார். அது பாதரசச் சுரங்கம். தொழிலாளிகள் பாதரச ஆவியைச் சுவாசித்துக் கை கால் நடுங்கி, பல் ஆடி வருவார்கள். அவர்களுக்கு மருந்து கொடுப்பது அவர் வேலை. அந்த நோயைப் பற்றி 1761இல் ஒரு நூலே எழுதினார். மிச்சமான நேரத்தில் மலையேறிச் செடியும் பூச்சியும் சேகரித்தார். 1763இல் வியன்னாவில் அச்சான ‘என்டமாலஜியா கார்னியோலிகா’வில், இட்ரியா அடங்கிய கார்னியோலா நாட்டுப் பூச்சிகள் ஆயிரத்துக்கும் மேல் வருகின்றன. விலங்குகளுக்கு இரண்டு சொல்லில் பெயர் வைக்கும் லின்னேயஸின் முறை வந்து அப்போது ஐந்தே வருஷம். மூக்கு உள்ள வண்டையெல்லாம் ‘குர்குலியோ’ என்ற ஒரே பெட்டியில் போட்ட காலம். இதையும் அதிலேயே போட்டார்: குர்குலியோ ரெசினோசஸ்.

இதைப் படிக்கும்போதுதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்து, அரிசி வண்டின் ஜாதகத்தையும் தேடினேன். அதற்குப் பெயர் வைத்தது லின்னேயஸ். பெயர் குர்குலியோ ஒரைசே. வருஷம் 1763.

ஒரே வருஷம், ஒரே பெட்டி. ஒன்று பட்டுப்போன மரத்தின் காளானில் பிறந்து, வாழ்நாள் முழுக்க அதைவிட்டு அதிக தூரம் போகாதது. இன்னொன்று தானியக் கப்பலேறி உலகத்தையே சுற்றிவந்தது. பின்னால் வந்தவர்கள் பெட்டியைப் பிரித்து இரண்டையும் வேறு வேறு குடும்பத்தில் வைத்தார்கள். அரிசி வண்டுக்குக் கிடைத்த புதுப்பெயர் சைட்டோஃபிலஸ், ‘தானியப் பிரியன்’ என்று அர்த்தம். என் பக்கத்து நியாயம் ஒன்று சொல்லவேண்டும். பெரிய மேதைகளே ஒன்றாகப் போட்டதை நான் இணையத்தில் தப்பாகப் போட்டது அவ்வளவு பெரிய குற்றம் இல்லை.

காளானைப் பற்றிச் சொல்லாமல் இந்த வண்டைச் சொல்ல முடியாது. அதன் பெயர் டால்டினியா கான்சென்ட்ரிகா. பெரும்பாலும் பட்டுப்போன ஆஷ் மரத்தில் வரும். இளசாக இருக்கையில் செம்பழுப்பு, முற்றினால் கரிக்கட்டை. கல்லுப்போல இருக்கும் என்று நினைத்து எடுத்தால் கனமே இருக்காது. அம்மா ஒன்றைக் கையில் உருட்டிப் பார்த்து, “கருகிப்போன அதிரசம்” என்றாள். இங்கிலாந்துக்காரர்களும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறார்கள். ஆல்ஃபிரட் ராஜாவின் ரொட்டி என்று அதற்கு ஊர்ப்பெயர். 878இல் டேனிஷ் படைக்குத் தப்பி ஆல்ஃபிரட் அரசன் சதுப்புநிலத்தில் ஒளிந்திருந்தபோது, அடைக்கலம் கொடுத்த வீட்டுக்காரி அடுப்பில் இருந்த ரொட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் போனாளாம். போர்க்கவலையில் மூழ்கிய ராஜா அதைக் கருகவிட்டு, அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாராம். கதை பிற்காலத்தில் கட்டியது, ஆனாலும் நல்ல கதை. இன்னொரு பெயரும் உண்டு. இதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் கெண்டைக்கால் இழுக்காது என்ற நம்பிக்கையில் வந்தது அது. அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை, ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

அந்தக் கைப்பை அவ்வளவுதான். மறுநாள் உள்ளே முழுக்க மைப்பொடி மாதிரிக் கறுப்புத் தூள். டால்டினியா தன் வித்துத்தூளை இரவில்தான் வீசும். இங்கோல்ட் என்ற காளான் ஆய்வாளர் 1950களில் இதை நேரம் குறித்துப் பார்த்திருக்கிறார். மரத்திலிருந்து பெயர்த்தெடுத்தாலும், உள்ளே சேர்த்துவைத்த தண்ணீரைக் கொண்டே வாரக்கணக்கில் இரவுதோறும் வீசிக்கொண்டிருக்கும். கத்தியால் குறுக்கே வெட்டினால் உள்ளே சாம்பலும் கறுப்புமாக, வெங்காயத்தை நறுக்கியதுபோல வளையம் வளையமாக இருக்கும். காய்ந்ததில் ஒரு பொறி விழுந்தால் சுடர் விடாமல் கனன்றுகொண்டே இருக்கும், வரட்டிபோல. அதனால்தான் தீப்பெட்டி வருவதற்கு முன் நெருப்பைச் சுமந்துசெல்ல இதைப் பயன்படுத்தினார்கள்.

நான் வெட்டிய உருண்டையில் வளையங்களின் நடுவே ஒரு சுரங்கம் இருந்தது. அதில் மரத்தூள் போன்ற கழிவு, அதற்குள் வெளுத்த, கால் இல்லாத, வளைந்த ஒரு புழு. ரெசினோசஸின் புழுப்பருவம் இந்தக் கரிக்கட்டைக்குள்ளேதான் கழிகிறது. நான் பார்த்தது அதனுடையதுதானா என்று அடித்துச் சொல்ல மாட்டேன். இதே காளானை நம்பி வேறு சில வண்டுகளும் இருக்கின்றன. பைஃபில்லஸ் லுனாட்டஸ் என்று, முதுகில் பிறைநிலாப் பொட்டு வைத்த குட்டி வண்டு அதில் ஒன்று. வெட்டிய உருண்டையை மறுபடி சேர்த்துக் கட்டைக்கடியில் வைத்துவிட்டு வந்தேன். சேராது என்று தெரியும்.

படம் போதுமா, வண்டைப் பிடித்து வைக்கவேண்டாமா என்று ஒரு பழைய சண்டை இந்தத் துறையில் உண்டு. பல கூன்வண்டுகளை வெளித்தோற்றத்தால் பிரிக்கவே முடியாது. எத்தில் அசிடேட் ஆவியில் கொன்று, உருப்பெருக்கியின் கீழ் ஆணின் பிறப்புறுப்பைப் பிரித்தெடுத்து, அதன் வடிவத்தைப் பார்த்துத்தான் பெயர் சொல்வார்கள். பிறகு வண்டை ஒரு சின்ன அட்டையில் ஒட்டி ஊசியில் குத்தி, கீழே அரிசி அளவு எழுத்தில் ஒரு சீட்டு: ஊர், வரைபட எண், தேதி, பிடித்தவர் பெயர். அதற்கும் கீழே இன்னொரு சீட்டு: இனத்தின் பெயர், பெயர் சொன்னவர் யார். பின்னால் ஒருவர் அந்தப் பெயர் தப்பு என்று கண்டால் பழைய சீட்டை எடுக்கமாட்டார், தன் சீட்டை அதன் கீழே குத்துவார். சில ஊசிகளில் நாலு தலைமுறைக்காரர்கள் ஒருவரை ஒருவர் மறுத்துக்கொண்டு அடுக்காக நிற்கிறார்கள். ரெசினோசஸுக்கு அந்தக் கஷ்டம் கிடையாது. முகமும் உணர்கொம்பும் தெரிகிற நல்ல படம் போதும். எனக்கு அதில் ஆறுதல்தான். என் கட்டைவிரலில் நடந்த ஒன்றைப் புட்டிக்குள் போட்டிருக்க மாட்டேன்.

புதிய பெயர், சரியான இடம், சரியான தேதி, காளானின் படம் எல்லாவற்றையும் சேர்த்துத் திருப்பி அனுப்பினேன். ‘சரி’ என்று பச்சைக் குறி விழுந்தது. அப்போதுதான் ‘அரிது’ என்ற சொல்லைப் பார்த்தேன். தேசிய அளவில் அரிது, ‘பி’ பிரிவு.

கவிஞர்கள் சொல்லும் அரிது அல்ல அது. சுத்தமான கணக்கு. பிரிட்டனைப் பத்து கிலோமீட்டருக்குப் பத்து கிலோமீட்டர் என்று கட்டம் போட்டால் 2,800க்கு மேல் வரும். ஒரு பூச்சி 31 முதல் 100 கட்டங்களுக்குள் மட்டும் கண்டறியப்பட்டிருந்தால் ‘பி’, 16 முதல் 30 என்றால் ‘ஏ’. இந்தக் கட்டம் போடும் பழக்கத்தை ஊரறியச் செய்தது 1962இல் வந்த பிரிட்டிஷ் தாவர வரைபட நூல். துளையட்டை இயந்திரத்தில் ஓட்டி, ஒவ்வொரு செடிக்கும் கட்டத்துக்கு ஒரு புள்ளி என்று அச்சிட்டார்கள். இரண்டு வருஷம் கழித்து, 1964இல், மாங்க்ஸ் வுட்டில் உயிரினப் பதிவு மையம் தொடங்கியபோது பூச்சிகளும் அதே கட்டங்களுக்குள் வந்து விழுந்தன.

இந்தக் கணக்கில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வண்டு எத்தனை இடத்தில் இருக்கிறது என்பதை அது சொல்வதில்லை. எத்தனை இடத்தில் ஒருவர் கறுப்புக் காளான் அருகே குனிந்தார் என்பதைத்தான் சொல்கிறது. எச்சம் மாதிரி இருக்கிற ஒன்று, தொட்டால் விழுந்து சாகிற மாதிரி நடிக்கிற ஒன்று, பட்டியலில் ஏறுவதற்கே நிறைய அதிர்ஷ்டம் வேண்டும். நாங்களே அன்றைக்கு மழை விடாமல் இருந்திருந்தால் அந்தப் பக்கம் போயிருக்கமாட்டோம்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது, அவ்வளவு வேடிக்கை இல்லாதது. எங்கள் காட்டில் அந்த ஆஷ் மரம் தானாக விழவில்லை. 1990களின் தொடக்கத்தில் போலந்தில் தென்பட்ட நுனிக்கருகல் நோய், 2012இல் பிரிட்டனில் இருப்பது உறுதியாயிற்று. கிழக்காசியாவின் ஆஷ் மரங்களோடு கெடுதல் செய்யாமல் காலங்காலமாய் வாழ்ந்த ஒரு பூஞ்சை, எதிர்ப்பில்லாத ஐரோப்பிய மரங்களில் இறங்கிவிட்டது. இலை கருகி, கிளை பட்டு, சில வருஷத்தில் மரம் முறுகிப்போய் நிற்கும். சாலையோரத்தில் நின்றால் யார் தலையிலாவது விழும் என்று வெட்டுகிறார்கள். வெட்டியது விறகாகப் போய்விடுகிறது, ஆஷ் பச்சையாகவே நன்றாக எரியும். வெட்டாமல் விட்ட இடத்தில் டால்டினியா கொழிக்கிறது. ரெசினோசஸுக்கு இது கல்யாண வீடு. பந்தி அமர்க்களம், சமையற்காரர் மட்டும் உள்ளே செத்துக்கொண்டிருக்கிறார். பட்ட மரமெல்லாம் மக்கி முடிந்த பிறகு, புதிதாகப் படுவதற்கு எத்தனை ஆஷ் நிற்கும் என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த பந்தி.

ஜூலை கடைசியில் ஒருநாள் வரைபடத்தைத் திறந்து என் புள்ளியைத் தேடினேன். எங்கள் ஊர் இருக்கிற கட்டத்தில் புள்ளி இருந்தது. ஆனால் அது ஏற்கெனவே இருந்ததாம். பல வருஷம் முன்பே யாரோ ஒருவர் அதே பத்து கிலோமீட்டருக்குள் இதைப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். கட்டத்துக்கு ஒரு புள்ளிதான், இரண்டு பேர் பார்த்தால் இரண்டு புள்ளி வராது. இரண்டு மாதக் கடிதப் போக்குவரத்துக்கும் அம்மாவின் கைப்பைக்கும் பிறகு வரைபடம் அப்படியே இருந்தது. சரிபார்ப்பவருக்கு இதை எழுதினேன், கொஞ்சம் வருத்தமாகவே. உடனே பதில் வந்தது. பழைய பதிவில் எந்த மரம், எந்தக் காளான் என்ற குறிப்பு இல்லை. உங்களுடையதில் இருக்கிறது. அடுத்த வருஷமும் அதே கட்டையைப் போய்ப் பாருங்கள், இல்லை என்றாலும் எழுதுங்கள்.

அடுத்த மே மாதம் போனேன். பாதையைச் சீர்செய்தவர்கள் மரத்தைத் துண்டுபோட்டு ஓரமாக அடுக்கியிருந்தார்கள். எடுத்துப்போகவில்லை, அந்தமட்டில் நல்லது. உருண்டைகள் வெளுத்து உதிரும் பதத்தில் இருந்தன. முக்கால் மணி நேரம் ஒவ்வொரு துண்டாகப் பார்த்தேன். நிஜமான பறவை எச்சம் இரண்டு இடத்தில் இருந்தது. இல்லை என்று எழுதி அனுப்பினேன்.

அன்று மாலை அம்மாவிடம் பேசும்போது சொன்னேன். “போயிருக்கும், அதுக்கென்ன, வேற மரமா இல்லை” என்றாள். அவள் கவலை வேறு. பொன்னி அரிசி மூட்டையில் வண்டு விழுந்துவிட்டது. மொட்டைமாடியில் சேலையை விரித்துக் கொட்டி, காலையிலிருந்து முறத்தில் வாரி வாரிப் புடைத்திருக்கிறாள். வெயில் ஏற ஏற, தும்பிக்கையை ஆட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக முறத்தின் விளிம்பில் ஏறி அந்தப் பக்கம் இறங்கிப் போனதாம்.

“எத்தனை இருந்துச்சும்மா?” என்று கேட்டேன்.

“அதையெல்லாம் யாருடா எண்ணுவா.”